தாளாளர் அம்மாவுக்குப் பிடித்தது

“அந்தம்மாவுக்கு என்ன பிடிக்கும்?” என்று அப்பா கேட்டார்.

“குப்பை பொறுக்க” என்றேன்.

அப்பா குடிநீரைச் சுத்தம் செய்யும் கருவி விற்கிறார். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் எனக்கு ஒரே வேலைதான். அப்பா யாரைப் பார்க்கப் போகிறாரோ, அவரை முகநூலில் முன்னாலேயே பார்த்து வைப்பது.

ஆள் எதிரே வந்தால் எனக்கு நாக்கு எழாது. படத்தில் பார்ப்பதற்குப் பயமில்லை.

போன மாதம் ஒரு டாக்டருக்குப் பூனை பிடிக்கும் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். அப்பா பக்கத்து வீட்டுப் பூனையை இரவல் வாங்கி, மடியில் வைத்துப் படம் எடுத்துப் போட்டார். டாக்டர் லைக் போட்டார். பூனை கீறியதற்கு ஊசியும் அவரே போட்டார். கருவி மட்டும் வாங்கவில்லை.

இந்த முறை விளையாட்டில்லை. இந்த மாதமும் ஒன்றும் விற்காவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்தம்மா மூன்று பள்ளிக்கூடங்களுக்குத் தாளாளர். அவர் தலையசைத்தால் மூன்றிலும் மாடிக்கு மாடி கருவி மாட்டலாம். ஆனால் பள்ளிக்கூட வாட்ச்மேனைத் தாண்டி அப்பாவால் உள்ளே போகவே முடியவில்லை.

அந்தம்மாவின் முகநூல் பக்கம் முழுக்க ஏரிக்கரையில் குப்பை பொறுக்கும் படங்கள். ஞாயிறு தவறாமல் அவர், கணவர், இரண்டு பிள்ளைகள். நால்வருக்கும் ஒரே பச்சை டீ-ஷர்ட். கடைசிப் படத்தில், ஏதோ குழந்தை தொலைத்த ஒற்றை மஞ்சள் செருப்பை உயர்த்திப் பிடித்தபடி வருத்தமாக நின்றிருந்தார். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் கும்பிட்டிருந்தார்கள்.

“குடும்பத்தோட போறோம். எதேச்சையா பாக்குறோம்” என்றார் அப்பா.

நாங்களும் நாலு டீ-ஷர்ட் எடுத்தோம். கிளிப்பச்சைதான் கிடைத்தது.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் இறங்கியதும் அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. மண்ணில் துடைப்பக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. மாநகராட்சி ஆட்கள் எங்களுக்கு முன்னால் வந்து பெருக்கிவிட்டிருந்தார்கள். பொறுக்க ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லை.

“ஒருநாளும் ஒழுங்கா வேலை செய்ய மாட்டானுங்க. இன்னிக்குன்னு பாத்துச் செஞ்சிருக்கானுங்க” என்றார் அப்பா.

பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். எங்கள் வீட்டுக் குப்பை போதாதென்று மாடி வீட்டிலும் கேட்டு வாங்கி வந்தார்.

அம்மா பழக்க தோஷத்தில் காய்கறித் தோலை ஒரு பக்கமும் பிளாஸ்டிக்கை ஒரு பக்கமும் பிரித்துக் கொட்டினாள்.

“ஏன்டி, வீட்டு நெனப்புலயே இருக்கியா? கொஞ்சம் பொறுப்பில்லாம கொட்டேன்.”

“நீங்களே கொட்டுங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வரும்.”

அப்பா கொட்டினார். உண்மையிலேயே நன்றாக வந்தது.

தம்பியின் கணக்குப் பரீட்சைத் தாள் ஒன்று அதிலிருந்து பறந்தது. அப்பாவுக்கு முன்னால் பாய்ந்து போய் எடுத்துச் சாக்கில் திணித்தான். அன்று மனதாரக் குப்பை பொறுக்கியவன் அவன் ஒருவன்தான்.

அந்தம்மாவின் கார் இன்னும் வரவில்லை. குனிந்து குனிந்து பொறுக்கி, நிமிர்ந்து பார்த்தால் எல்லாவற்றையும் பொறுக்கி முடித்திருந்தோம். மறுபடி கொட்டலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தபோது மாநகராட்சி லாரி வந்துவிட்டது. எங்கள் சாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். பின்னாலேயே அந்தக் காரும் வந்து நின்றது.

பச்சை டீ-ஷர்ட்டில் நால்வரும் இறங்கினார்கள். கணவர் டிக்கியைத் திறந்து ஒரு பெரிய மூட்டையை இறக்கினார். அப்புறம்தான் எங்களைப் பார்த்தார்கள். நால்வரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அப்பா ஓடினார்.

“வணக்கம் மேடம். நாங்க கரையில ஒண்ணு விடாம பொறுக்கிட்டோம். ஆனா நீங்க வர்ற வழியிலயே ஒரு மூட்டை சேத்துட்டீங்க. உங்க கிட்ட நெருங்க முடியுமா?”

“இல்ல, அது வந்து…” என்றார் தாளாளர் அம்மா.

கணவர் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். அப்பா அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

“விடுங்க சார். நான் இருக்கும்போது நீங்க தூக்கலாமா?”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறி இழுத்தார்கள். அப்பாவுக்கு வேலை போகிற அவசரம். அவர்தான் ஜெயித்தார்.

“அப்பா, அது வேணாம்ப்பா” என்றேன். லாரி இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

மூட்டை லாரிக்குள் விழுந்து வாய் அவிழ்ந்தது. நசுங்கிய டப்பாக்கள், கழுவிக் காயவைத்த பாட்டில்கள், அவற்றின்மேல் ஒற்றை மஞ்சள் செருப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை படத்தில் இருந்த அதே செருப்பு. அதற்கு முந்தைய ஞாயிறும் அதுதான். நான் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்த எல்லா ஞாயிறுகளிலும் அதுதான்.

அப்பா என்னிடம் கேட்டது, என்ன பிடிக்கும் என்று மட்டும்தானே.

லாரியின் இரும்புத் தகடு இறங்கி எல்லாவற்றையும் உள்ளே தள்ளி நசுக்கியது.

“அம்மா, அப்ப இனிமே நாம ஞாயித்துக்கிழம தூங்கலாமா?” என்று அவர்களுடைய சின்னப் பெண் கேட்டாள்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு விசிட்டிங் கார்டை நீட்டினார். கண் சிமிட்டி, “பாத்தியா, மேடத்துக்குப் பேச்சே வரல” என்று என் காதில் சொன்னார்.

தாளாளர் அம்மா லாரி போன திசையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். எங்கள் டீ-ஷர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது, அப்பாவின் கை நீட்டியபடியே இருந்தது. அந்தம்மா காரில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.