ஆறு நிமிட நடை

நடக்கும்போது யாரிடமும் பேசக் கூடாது என்று நர்ஸ் சொன்னபோது ஓபெடி தலையாட்டினார். மூன்றாவது பெஞ்சு வந்ததும் நின்றுவிட்டார்.

"ஷிகமூ, அம்மா."

"மரஹபா, ராசா," என்றாள் பெஞ்சில் இருந்த கிழவி.

"வீட்ல எப்படி? பிள்ளைங்க எப்படி? மாடு கறக்குதா?"

அந்தக் கிழவியை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

நர்ஸ் கையிலிருந்த கடிகாரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தபடி நின்றாள். மூத்தவருக்கு ஷிகமூ என்று வணக்கம் சொல்கிற நேரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சொன்னதற்குப் பதில் வாங்காமல் நகர்ந்தாலும் மரியாதை இல்லை.

இப்படியாக, ஆறு நிமிட நடை முடியப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. விரல் நுனியைக் கவ்வியிருந்த கருவி ஆக்சிஜன் தொண்ணூற்று நான்கு என்று காட்டியது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மன்காவுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. தொண்ணூறுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தாள்.

வைரஸ் காய்ச்சலில் பத்தொன்பது நாள் ஆக்சிஜனில் கிடந்தவர் ஓபெடி. நுரையீரலில் விழுந்த தழும்பு ஆறுமா, அப்படியே நிலைத்துவிடுமா என்பதை இன்றைய நடைதான் சொல்ல வேண்டும். ஆறும் என்று டாக்டர் கடிதம் கொடுத்தால் ஜூனில் மறுபடி மலையேறலாம். இருபத்தாறு வருஷமாகக் கிளிமஞ்சாரோவில் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியவர். வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்.

நோயால் ஒரு நல்லதும் நடந்திருந்தது.

முன்பெல்லாம் வணக்கத்தைத் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டுப் போகிற மனுஷன். ஊரார் பதில் சொல்லும்போது அவர் அடுத்த வளைவில் இருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இந்த நாலு மாதமாக மேட்டுப்பாதையில் ஒரு வேலி விடாமல் நிற்கிறார். ஆடு, மாடு, பேரனுக்குப் பல் முளைத்தது எல்லாம் விசாரிக்கிறார்.

"ஆக்சிஜனோட சேத்து ஒரு பாட்டில் மரியாதையும் ஏத்தி விட்டாங்களாக்கும்," என்று கீழ்வீட்டு என்டேஷி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மன்காவுக்கும் உள்ளூரப் பெருமைதான். நேரமாகிறது என்று அவர் சட்டையைப் பிடித்து இழுப்பாளே தவிர.

டாக்டர் வந்து தாளைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை நின்னார்?"

"ஏழு தடவை டாக்டர். வணக்கம் சொல்லத்தான். அப்பல்லாம் கடிகாரத்த நிறுத்தி வச்சேன்."

"மலை நிறுத்தி வைக்குமா?"

நர்ஸின் முகத்தில் சிரிப்பு செத்தது.

அரை மணி நேரம் உட்கார வைத்து மறுபடி எழுப்பினார்கள். டாக்டர் பெஞ்சுகளைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாரும் கொஞ்சம் சுவத்தப் பாத்துத் திரும்பிக்கங்க. முகத்தக் கண்டா இவர் நின்னுடுவார்."

எட்டுப் பேர் திரும்பினார்கள். கிழவி மட்டும் முணுமுணுத்தாள். "உசுரோட இருக்கிறவனுக்கு முதுகு காட்டச் சொல்றாளே, நல்லா இருப்பாளா?"

மன்காவும் திரும்பத்தான் போனாள். என்னவோ, திரும்பவில்லை.

முதுகுகளுக்கு நடுவே ஓபெடி நடந்தார். கூடவே நர்ஸ் எண்ணைப் படித்துக்கொண்டு வந்தாள். தொண்ணூற்று மூன்று. தொண்ணூறு.

இரண்டாவது சுற்றில் அவர் கண்கள் இரண்டு பக்கமும் தேடின.

எண்பத்தாறு.

உதடு சாம்பல் பூத்துவிட்டது. ஒரு முகம் வேண்டும். ஒரே ஒரு முகம்தான் இருந்தது. அதன் எதிரில் வந்து நின்றார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார், இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம். "வீட்ல... எல்லாரும்... சௌக்கியமா?"

நாலு மாதத்து வேலிகளெல்லாம் ஒரே சமயத்தில் மன்காவின் கண்முன் வந்து நின்றன.

"சௌக்கியந்தான், நூரு அப்பா," என்றாள். "மாடு கறக்குது. பின்னாடி வாழை குலை தள்ளியிருக்கு. நூரு நேத்து போன் பண்ணினா. மழையும் பரவாயில்ல..." அவர் தோள்கள் ஏறி இறங்குவது அடங்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கருவி எண்பத்தொன்றில் நின்றிருந்தது.

"என் கணிப்பு தப்பாப் போகணும்னுதான் நானும் பாத்தேன்," என்றாள் டாக்டர். "இது ஆறாதும்மா. இனிமே கூடாம இருந்தாலே பெரிசு."

கடிதத்துக்கு எடுத்து வைத்த தாளை மேஜைக்குள் தள்ளினாள்.

மினிபஸ் அவர்களைப் பெரிய சாலையில் இறக்கிவிட்டுப் போனது. வீட்டுக்கு மேடேற வேண்டும். மன்கா முன்னால் நடந்தாள். முதல் வேலியில் அவளே நின்றாள்.

"என்டேஷி, ஆடு குட்டி போட்டுச்சா?"

"போட்டுச்சு, ரெண்டு. என்னடி அதிசயமா நீ நிக்கிற? புருஷன் வியாதி உனக்கும் தொத்திக்கிச்சா?"

"ஆமா," என்றாள் மன்கா. "ரெண்டுமே கிடாயா?"

ஓபெடி வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

அடுத்த வேலியிலும் நின்றாள். அதற்கடுத்ததிலும். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதாவது வேலியோடு வீடுகள் முடிந்தன. அதற்குமேல் அவர்களுடைய வாழைத் தோப்புதான். பாதி மேடு இன்னும் மிச்சம் இருந்தது.

பின்னால் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது.

பாதையோரம், வாழைகளுக்கு நடுவே, மாமியாரின் கல்லறை. மன்கா அதன் முன் போய் நின்றாள்.

"ஷிகமூ, அத்தை," என்றாள் உரக்க.

பதிலுக்குக் காத்து நின்றாள்.