நாகப்பண்ணை மாப்பிள்ளை

பெண் கேட்டு மலேசியாவின் ஜொகூரிலிருந்து ஆக்லாந்து வரை வந்தாயிற்று. பிளாக்ஹவுஸ் பே வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த குணசீலனுக்கு வியர்த்தது. பெண் இன்னும் சமையலறையை விட்டு வரவில்லை. எதிரே சுபாஷினி மட்டும் இருந்தாள்.

“என்ன வேலைன்னு சொன்னீங்க?”

“பாம்புப் பண்ணைம்மா. நாகப்பாம்பு வளர்த்து சீன மருந்துக் கடைகளுக்குக் கொடுக்கிறது.”

“கடிக்காதா?”

“இதுவரைக்கும் ரெண்டே வாட்டிதான்.”

சுபாஷினியின் முகம் வெளுத்தது.

“வேணாம்னா பண்ணையை வித்துட்டு இங்கேயே வந்துடுறேன்,” என்று குணசீலன் அவசரமாகச் சொல்ல, அதற்கும் அவள் முகம் தெளியவில்லை.

“இந்த நாட்டுல பாம்பே கிடையாது. வந்து என்ன வேலை பார்ப்பீங்க?”

வளர்த்தாலும் தப்பு, விட்டாலும் தப்பு. எந்தப் பதிலைச் சொன்னால் சம்மதம் கிடைக்கும் என்று குணசீலனுக்குப் பிடிபடவில்லை.

“ஒரேயடியாக் குழப்புறீங்களேம்மா! இப்ப நான் பாம்பு வளர்க்கவா, வேணாமா?”

சுபாஷினிக்கும் அதுதான் தெரியவில்லை போலும். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“வேலை கிடைக்கலேன்னாலும் நான் சம்பாதிக்கிறேன். பாம்பை மட்டும் விட்டுடுங்க, அங்கிள். இன்னொரு தடவை விதவையானா, எங்கம்மா தாங்க மாட்டாங்க.”