எண் போட்ட கிண்ணங்கள்

"எதைக் குடுத்தாலும் நம்மளோடதுதான் ஒசத்தின்னு சொல்லிடு. வேற எதுவும் பேசாத" என்று கணவர் மனைவியின் காதோரம் சொன்னார்.

"எது நம்மளோடதுன்னு முதல்ல தெரியணும்ல?"

"பன்னண்டு வருஷமா நீதானே காய்ச்சற. உனக்குத் தெரியாதா?"

இருவரும் நடத்துவது சின்ன தக்காளி சாஸ் கம்பெனி. காய்ச்சுவது அவள், கடை கடையாக ஏறி இறங்கி விற்பது அவர். விற்கிற மனிதருக்கோ ஒரு சொட்டு நாக்கில் பட்டாலே நெஞ்செரிச்சல்.

இப்போது கடைகளில் பெரிய கம்பெனியின் பாட்டில்கள்தான் அடுக்கடுக்காக நிற்கின்றன. அந்தக் கம்பெனியே இவர்களிடம் சாஸ் செய்து வாங்க யோசிக்கிறது என்று தகவல் வந்ததிலிருந்து கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அது நடக்காவிட்டால் மாதக் கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, வேலை செய்யும் எட்டுப் பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அங்கிருந்து வந்திருந்த அதிகாரி சின்னப் பெண். பாட்டில் மூடிகள் கொட்டிக் கிடந்த மேசையில் இடம் ஒதுக்கி, இரண்டு கிண்ணங்களை வைத்தாள். ஒன்றில் 417 என்றும் மற்றதில் 682 என்றும் எழுதியிருந்தது.

"ஒண்ணு உங்களோடது, ஒண்ணு எங்களோடது. ரெண்டும் காலையில கடையில வாங்கினதுதான். எது எதுன்னு இப்ப சொல்ல மாட்டேன். ருசி பாத்துட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்கக்கா."

மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கொதிக்கும் அண்டாவிலிருந்து கரண்டியில் எடுத்து, ஊதி, நாக்கு நுனியில் வைத்து உப்புப் பார்ப்பதோடு சரி. ஆறிய பிறகு தன் சாஸை அவள் தொட்டதே இல்லை. நாள் முழுக்க அந்த வாசனையில் வேகிறவளுக்கு வீட்டிலும் அதே பாட்டிலா?

417-ஐ எடுத்து வாயில் வைத்ததும் அவள் முகம் சுருங்கியது.

"இதுதான் நம்மளோடது. புளிப்புத் தூக்கலா நிக்குது. அவசரப்பட்டு இறக்கியிருக்கேன்."

கணவர் இருமினார். அவள் கண்டுகொள்ளவில்லை.

682-ஐ ஒரு முறை ருசித்தாள். இன்னொரு முறை. மூன்றாம் முறை கிண்ணத்தையே வழித்துவிட்டாள்.

"பெரிய கம்பெனின்னா பெரிய கம்பெனிதான். தக்காளி வாசனை அப்படியே இருக்கு. நான் தலைகீழா நின்னாலும் இந்தப் பதம் வராது."

கணவர் குறுக்கே புகுந்தார். "அவளுக்கு நேத்துலேர்ந்து ஜலதோஷம் மேடம்."

"ஜலதோஷமெல்லாம் இல்லைங்க. நல்லா இருக்கறதை எப்படி நல்லா இல்லன்னு சொல்றது?"

எட்டுப் பெண்களும் அங்கேதான் நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பவே அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருட உழைப்பை ஒரு ஸ்பூனில் கவிழ்த்துவிட்டாளே என்று பொருமினார்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினாள். மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"கம்பெனி ரகசியம்னா சொல்ல வேண்டாம்மா. இதை எப்படிக் காய்ச்சறீங்க?"

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "682 உங்க பாட்டில்லேர்ந்து ஊத்தினதுக்கா. இதே கேள்வியை உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்காங்க."