முக்கால் அண்ணை

“சங்கக் கார்டில பெயர், படம். அதுக்குக் கீழ ரத்தம்” என்றான் நிருபன்.

“ஏ பொசிட்டிவோ, ஓ பொசிட்டிவோ?” என்று கேட்டார் தலைவர் இராஜரத்தினம்.

“பகிடி விடாதேங்கோ அண்ணை. ஊர் ரத்தம். அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா நாலு பேரும் ஈச்சந்திடல் எண்டா முழுசு. ஒராள் குறைஞ்சா முக்கால். இனி முழுசுகளுக்குத்தான் தலைவர் பதவி.”

தோஹா, நஜ்மாவில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடி. ஈச்சந்திடல் ஊர்ச் சங்கக் கூட்டம். கொத்து ரொட்டி வரும்வரை எதையாவது பேச வேண்டுமே.

நிருபன் சாட்சிக்கு ஆளையே கூட்டி வந்திருந்தான். அவனோடு வேலை செய்யும் வெஸ்லி. அமெரிக்கப் பூர்வகுடி, சாக்டோ இனம். அவருடைய அட்டையில், முப்பத்திரண்டில் ஒரு பங்கு ரத்தம் என்று அச்சடித்தே இருந்தது.

“பாருங்கோ, அமெரிக்காவிலயே கணக்கு வைக்கினம்.”

வெஸ்லி கையைத் தூக்கி ஏதோ சொன்னார். நிருபனே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்ல முகம் கோணிக்கொண்டே போனது.

“அந்தக் காலத்தில அரசாங்க எழுத்தர் மூஞ்சியைப் பாத்து எழுதின பங்காம். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கே வேற வேற கணக்காம். அவையின்ர அங்கத்துவத்துக்கு அது தேவையில்லையாம். பழைய பதிவில ஒரு முன்னோரின்ர பெயர் இருந்தாக் காணுமாம்... சரி, அது அவையின்ர பிரச்சினை.”

“எங்கட ஆக்களின்ர பங்கை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” என்றார் இராஜரத்தினம்.

“ஊருக்கு ஆள் விடுவம். கிழடுகளைக் கேட்டு ஒவ்வொரு வீட்டு வேரையும் தோண்டுவம்.”

இராஜரத்தினம் பிளேன்டீக் கோப்பையை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். “அது வேண்டாம்.”

“ஏனண்ணை ஏசிக்குள்ள வேர்க்குது? தோண்டினா ஏதும் கிளம்புமோ?”

மாடியே சிரித்தது.

இராஜரத்தினம் எழும்பினார். “ஓம். என்ர அம்மம்மா வேற ஊர். நான் முக்கால்தான். ஆள் விட்டு, கார்ட் அடிச்சு, என்ர மானத்தை வாங்காதை. அந்தக் கதையை விடு. தலைவர் கதிரையை நீயே எடு.”

கொத்து ரொட்டி வந்தது. அதனால் எல்லாம் ஏகமனதாக நிறைவேறியது. கார்ட் கைவிடப்பட்டது. முழு ரத்தத் தலைவருக்கு முதல் பிளேட் போனது.

“முக்கால் அண்ணைக்கு முக்கால் பிளேட் காணும்” என்றார் புதுத் தலைவர்.

கூட்டத்துக்கு வந்திருந்த மனைவி ராசம்மா, காரில் ஏறியதும் வெடித்தாள்.

“உங்கட அம்மம்மா பிறந்ததே ஈச்சந்திடல் கோயிலடியில. எனக்கே தெரியும். ஏன் பொய் சொன்னியள்?”

“பொடியன் ஆசைப்பட்டான்.”

“ஆசைப்பட்டா? உங்களைப் பகிடி பண்ண அவர் என்ன பெரிய முழுசோ?”

இராஜரத்தினம் காரைப் பின்னுக்கு எடுத்து, திருப்பி, ரோட்டுக்கு வந்தார்.

“இடம்பெயர்ந்து ஓடேக்க, வவுனியா ஆஸ்பத்திரியில ஆரும் தேடி வராமல் கிடந்த குழந்தை அவன். நானும் அவனை வளர்த்த தேப்பனும்தான் தூக்கிக்கொண்டு வந்தனாங்கள். ஊர்க் கிழடுகள் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியாது.”