அங்கம்மாளின் கன்னம்

எந்தப் படத்தைக் காட்டினாலும் "உயிரோட இருக்கே!" என்று வாய் பிளப்பதே இந்தக் காலத்து ஜனங்களுக்கு வேலை. அரண்மனை யானைக்கொட்டில் கொப்பையக் கிழவன் அந்தப் பேச்சை நம்பவில்லை. அந்நிய ஆண் ராணியைப் பார்க்கக் கூடாதென்று, தாதியாக இருந்த அவன் மனைவி அங்கம்மாளை உட்காரவைத்துத்தான் ராணியின் படத்தை எழுதினார்கள். அங்கம்மாள் போய்ச்சேர்ந்த பிறகு, படத்திலாவது அந்த முகத்தை ஒருதரம் பார்த்துவிடலாமென்று சித்திரசாலைக்கு வந்திருந்தான்.

"படத்திலிருக்கிற முத்துமாலையைத் தொட்டுப் பாரும் பெரியவரே, நிஜ முத்து தோற்றுப்போகும்" என்றான் சித்திரக்காரன்.

தொட்டான். வெள்ளைச் சாயம் உருண்டை உருண்டையாக விரலில் தட்டுப்பட்டது. விரல் மெல்லக் கன்னத்துக்கு ஏறியது. வழவழவென்றிருந்தது.

"அம்மைத் தழும்பெல்லாம் எங்கய்யா?"

"ராணிக்கு ஏது தழும்பு?"

"அப்ப இவ ராணியாவே இருக்கட்டும்."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தான்.

"கண்ணைப் பார்க்காமப் போறீரே! அது உம்ம பெண்டாட்டி கண்ணேதான்!"

கிழவனின் நடை தளர்ந்தது. திரும்பவில்லை.