இடது கன்னம்

முகூர்த்தத்துக்கு முன் மணப்பெண் வேணியைத் தனியே படமெடுக்க விளக்கைப் போட்டார் புகைப்படக்காரர் சேவியர். பவுடரையும் மீறி அவள் இடது கன்னத்தில் நான்கு விரல்களின் தடம் தெரிந்தது.

“கல்யாணம் வேண்டாம்னேன், அப்பா அடிச்சிட்டாரு. இது தெரியுற மாதிரி ஒரு படம் எடுங்கண்ணே,” என்றாள் மெதுவாக.

கதவருகே நின்ற அப்பா, “லைட்ட அந்தப் பக்கமா மாத்துங்க தம்பி,” என்றார். சேவியர் மாற்றினார். கன்னம் நிழலுக்குள் போனது.

எட்டு மாதம் கழித்து வேணி ஸ்டுடியோவுக்குத் தனியாக வந்தாள்.

“கட்டாயக் கல்யாணம்னு கேஸ் போட்டிருக்கேன். வக்கீல் ஆதாரம் கேக்காரு. அந்தப் படம் இருக்காண்ணே?”

சேவியர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டினார். எதிலும் தடம் இல்லை. கடைசிப் படத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கேன்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.