ம் கொட்டும் சர்வீஸ்

இளமாறன் மேஜையை ஓங்கிக் குத்தினான். மூன்று வருடமாக ஒரு நாள்கூடத் தகராறு செய்யாத, அவனே எழுதிய சர்வீஸ் புரோகிராம் இன்றைக்குப் பார்த்து நின்றுவிட்டது.

ஆபீஸ் சர்வரில் யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மதியம் மனைவி சுகந்தி அழைத்தால் அவன் குரலிலேயே எடுத்துப் பேசும். அவள் சொல்லச் சொல்ல "ம்" கொட்டும், வேண்டிய இடத்தில் ஆறுதல் சொல்லும். தப்பித் தவறி நின்றாலும் ஒரு நிமிடத்தில் தானே எழுந்துகொள்ளும். ஆனால் சோம்பேறித்தனத்தில் அதற்கென்று தனி அக்கவுண்ட் வைக்காமல், தன் சொந்த லாகினையும் பாஸ்வேர்டையுமே கொடுத்து ஓடவிட்டிருந்தான். காலையில் ஆபீஸ் விதிப்படி பாஸ்வேர்டை மாற்றினான். பிறகு சர்வர் ரீஸ்டார்ட் ஆனது. பழைய பாஸ்வேர்டோடு சர்வீஸ் எழ மறுத்தது. கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு.

பதற்றத்தில் புது பாஸ்வேர்டும் சரியாக நினைவில்லை. மூன்றாவது முறை தவறாக அடித்ததும் அக்கவுண்டே பூட்டிக்கொண்டது.

"சனியனே!" என்று அவன் கத்தும்போதே போன் அடித்தது. வேறு வழியில்லாமல் அவனே எடுத்தான்.

"ஏங்க, ரிசல்ட் வந்துடுச்சு," என்றாள் சுகந்தி.

"என்ன ரிசல்ட்டு? சீக்கிரம் சொல்லு, இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு."



"நீங்க யாருங்க?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்த நாள்லேர்ந்து தினமும் எனக்கு தைரியம் சொல்லிட்டிருந்தாரே, அவர்கிட்ட போனைக் குடுங்க."